வரைவைப் படித்துப் பேசியவர்: காயிதே மில்லத் வாழ்வில் நாம் பேசாத பக்கம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5 வந்தால் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளி வளாகத்தில் கூட்டம் கூடும். கட்சி வேறுபாடு இல்லாமல் தலைவர்கள் வருவார்கள். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் அடக்கத்தலத்தில் மலர்ப்போர்வை போர்த்துவார்கள். (இந்தப் போர்வை பற்றி ஆலிம் என்ற முறையில் நமக்குச் சொல்ல உண்டு. அதை வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.) அன்று மேடைகளில் பேசப்படும் செய்திகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவருடைய எளிமை, தமிழுக்காகக் கொடுத்த குரல், சீனப் போரின்போது தம் மகனைப் படைக்கு அனுப்ப முன்வந்தது ஆகியவற்றைச் சொல்வார்கள். எல்லாம் சொல்லத் தக்கவைதான். ஆனால் அரசு எழுதிய வரைவு ஒன்றைக் கையில் எடுத்து, பிரிவு பிரிவாகப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்த இஸ்மாயில் சாஹிபைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நமக்கே அந்தப் பக்கம் 2023இல்தான் கண்ணில் பட்டது. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று 22ஆவது சட்ட ஆணையம் பொது சிவில் சட்டம் குறித்துப் பொதுமக்களிடமும் மத அமைப்புகளிடமும் 30 நாள்களுக்குள் கருத்துக் கேட்டது. பிறகு அந்தக் கெடுவை ஜூலை 28 வரை நீட்டித்தது. அப்போது அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் ஜுமுஆ முடிந்து வெளியே வந்தால், வாசலில் இளைஞர்கள் க்யூஆர் கோடு ஒட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைப்பேசியைக் காட்டினால் மின்னஞ்சல் தானாகத் திறக்கும். கடிதம் அதில் தயாராக இருக்கும். பெயரைப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், எழுதி மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது ஹஜ்ரத் என்று நம்மிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் துஆச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, நாமும் அந்தக் கடிதத்தைப் படிக்காமலே அனுப்பினோம். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. பெரியவரின் கேள்விக்கு விடை தேடித்தான் அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் ஏழாம் தொகுதியைப் புரட்டத் தொடங்கினோம்.

இஸ்மாயில் சாஹிப் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். மார்க்கக் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் சேர்ந்து ஓடிய வீடு அது. நெல்லையில் படித்தபோதே, 13 வயதில், இளைஞர்களைச் சேர்த்து முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர். திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். 1920இல் பி.ஏ. தேர்வு நெருங்கிய சமயத்தில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தது. தேர்வு எழுதாமல் வெளியே வந்துவிட்டார். பட்டம் அதோடு போயிற்று. பிறகு தோல் வணிகம். 1923இல் ஜமால் குடும்பத்துப் பெண்ணை நிக்காஹ் செய்தார். சென்னையில் தோல் மண்டிகளின் உலகில் காலூன்றினார். பின்னாளில் அவர் குடியிருந்தது குரோம்பேட்டையில். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது.

அந்தக் காலத்துச் சென்னையில் சட்டம் என்றால் மயிலாப்பூர். உயர் நீதிமன்றத்தின் பெரிய வக்கீல்களில் பலர் லஸ், எட்வர்ட் எலியட்ஸ் சாலைப் பக்கம் பங்களாக்களில் இருந்தார்கள். மாகாணத்தின் சட்டங்களும் கமிட்டி அறிக்கைகளும் அவர்கள் மேசையைக் கடந்துதான் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவர்களில் தலைசிறந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். நெல்லூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் புரோகிதர் வீட்டில் பிறந்து, உழைப்பால் உயர்ந்து, 1929 முதல் 1944 வரை சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். லஸ் சர்ச் ரோட்டில் அவருடைய வீடு ஏகாம்ர நிவாஸ். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர். அவரை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பட்டம் முடிக்காத தோல் வணிகரான இஸ்மாயில் சாஹிபும் இந்த மயிலாப்பூர் சட்ட மேதையும் டெல்லியில் ஒரே நாளில், ஒரே பிரிவின் மீது, எதிரெதிர் பக்கம் பேசினார்கள்.

அந்த நாளுக்கு முன்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1946 தேர்தலில் சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 28 இடங்களையும் லீக் வென்றது. இஸ்மாயில் சாஹிப் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நாடு பிரிந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில் கட்சியை இரண்டாகப் பிரித்து, பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானையும் இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாஹிபையும் அமைப்பாளர்களாக நியமித்தது. இந்தியாவில் தங்கிய முஸ்லிம் தலைவர்கள் பலர் லீக்கைக் கலைத்துவிடுவதே நல்லது என்று கருதினார்கள். அவர்கள் எல்லாரையும் கோழைகள் என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. ரத்தம் காயாத காலம் அது. ஆனாலும் 1948 மார்ச் 10 அன்று, இன்று அண்ணா சாலையில் ராஜாஜி மண்டபம் என்று நாம் அறியும் கட்டடத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். கட்சி தொடரும் என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது.

இந்தத் தேதியை இன்னொரு தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1948 பிப்ரவரி 21 அன்றுதான் டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அரசியல் சட்டத்தின் வரைவைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தது. வரைவைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அச்சிட்டு வெளியிட்டார்கள். மாகாண அரசுகள், நீதிபதிகள், அமைப்புகள், தனிமனிதர்கள் எனப் பலரிடமிருந்தும் கருத்துகள் வந்தன. மார்ச் பிற்பகுதியில் வரைவுக் குழு அவற்றை எடுத்துவைத்துப் பரிசீலித்தது. ராஜாஜி மண்டபத்தில் நம் பெரியவர்கள் கட்சி இருக்கலாமா, கூடாதா என்று பேசிக்கொண்டிருந்த அதே நாள்களில், இந்த நாட்டின் அடிப்படைச் சட்டம் மக்கள் கருத்துக்காகத் திறந்து கிடந்தது. கட்சி உயிரோடு இருக்க வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் பிடிவாதமாக நின்றதன் பொருள் இங்கேதான் நமக்கு விளங்குகிறது. சட்டம் எழுதப்படும் இடத்தில் இந்தச் சமுதாயத்தின் சார்பில் பேச ஒருவர் வேண்டாமா?

1948 நவம்பர் 4 அன்று வரைவு சபைக்கு வந்தது. அதற்கு உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் மொத்தம் 7,635. அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. இந்தக் குவியலுக்குள் சென்னை மாகாண முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரின் திருத்தங்களும் இருந்தன. இஸ்மாயில் சாஹிப், மலபாரின் பி. போக்கர் சாஹிப், ஆந்திரப் பகுதியின் மஹ்பூப் அலி பேக், இஸ்மாயில் சாஹிபின் சகோதரர் கே.டி.எம். அஹமது இப்ராஹீம் சாஹிப் ஆகியோர் அவர்கள்.

நவம்பர் 23. துணைத் தலைவர் முகர்ஜி நாற்காலியில் இருக்கிறார். வரைவின் 35ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒரே சிவில் சட்டத்தைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இன்றைய அரசியல் சட்டத்தில் அது 44ஆவது பிரிவு. முதலில் எழுந்தவர் இஸ்மாயில் சாஹிப். அந்தப் பிரிவை நீக்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. அதன் கீழே ஒரு காப்பு வாசகம் சேர்க்கக் கேட்டார். தனக்கென்று தனியார் சட்டம் உள்ள எந்தக் குழுவும் சமூகமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அதன் சாரம்.

அவர் வாதத்தில் மூன்று அம்சங்களைக் கவனித்தோம். தனியார் சட்டம் ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையின் பகுதி, மார்க்கத்திலும் பண்பாட்டிலும் வேர் கொண்டது என்றார். இதை முஸ்லிம்களுக்கான சலுகையாக அவர் கேட்கவில்லை. பெரும்பான்மைச் சமூகம் உட்பட எல்லாருக்கும் பொருந்துகிற உரிமையாகவே வைத்தார். அதோடு நிற்காமல் வெளிநாட்டு முன்னுதாரணம் ஒன்றையும் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்குப் பின் உருவான யூகோஸ்லாவியா, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்பச் சட்டங்களை மதிப்பதாக ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டதை எடுத்துக்காட்டினார். குரோம்பேட்டையில் உட்கார்ந்து ஐரோப்பிய ஒப்பந்தங்களைத் தேடிப் படித்திருக்கிறார், பாருங்கள். க்யூஆர் கோடு இல்லாத காலம்.

அவரைத் தொடர்ந்து மஹ்பூப் அலி பேக் பேசினார். போக்கர் சாஹிப் எழுந்து, இந்தப் பிரிவை எதிர்த்துத் தமக்குப் பல அமைப்புகளிடமிருந்து மனுக்கள் வந்திருப்பதாகவும் அவற்றில் இந்து அமைப்புகளின் மனுக்களும் இருப்பதாகவும் சபைக்குச் சொன்னார். வெளியே இருந்த மக்கள் எழுதி அனுப்பியது, உள்ளே இருந்த ஒரு பிரதிநிதியின் வாய் வழியாகச் சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. எழுதி என்ன ஆகும் என்ற பெரியவரின் கேள்விக்கு நமக்குக் கிடைத்த முதல் விடை இதுதான்.

எதிர்ப்பக்கம் சாதாரணமானவர்கள் இல்லை. கே.எம். முன்ஷி பேசினார். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தால் கோஜாக்களும் கட்சி மேமன்களும் தங்கள் பழைய வழக்கங்களை விட நேர்ந்ததே, அப்போது இந்த வாதம் எங்கே போயிற்று என்ற தோரணையில் கேட்டார். அது வலுவான கேள்விதான், நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் தம் முறையில், சட்ட முறைகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டே வளர்ந்தவை, ஆங்கிலேயர் ஒரே குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது யாரும் இப்படி எதிர்க்கவில்லை என்று வாதிட்டார்.

கடைசியில் அம்பேத்கர். அவர் திருத்தங்களை ஏற்கவில்லை. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை பல விஷயங்களில் இந்துச் சட்டத்தையே பின்பற்றியதையும், நம் சென்னை மாகாணத்தின் வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடமும் நடைமுறையில் இருந்ததையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அதோடு அமரவில்லை. பிரிவு இப்போதே எதையும் திணிக்கவில்லை என்றார். வருங்கால நாடாளுமன்றம், அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படச் சம்மதம் என்று தாமே அறிவிப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி தொடங்கலாம் என்ற வழியைச் சொன்னார். 1937 ஷரீஅத் சட்டத்திலேயே அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையும் நினைவூட்டினார்.

திருத்தங்கள் தோற்றன. பிரிவு நிறைவேறியது. அந்த நாளின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் பொது சிவில் சட்டப் பேச்சு எழும்போதெல்லாம் நம் தரப்பு வக்கீல்கள் கையில் எடுப்பது அம்பேத்கரின் அந்த விளக்கத்தைத்தான். அந்த விளக்கம் தானாக வந்ததல்ல. திருத்தங்கள் வந்தன, அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் வந்தது. இஸ்மாயில் சாஹிபும் மற்றவர்களும் வாய் மூடி இருந்திருந்தால் 35ஆவது பிரிவு சில நிமிடங்களில் விளக்கம் ஏதுமின்றி நிறைவேறியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், அடிப்படை உரிமைகள் பற்றிய 13ஆவது பிரிவு வந்தபோது இஸ்மாயில் சாஹிப் மறுபடி எழுந்தார். இம்முறை இரண்டு உரிமைகளைச் சேர்க்கக் கேட்டார். ஒன்று, தன் சமூகத்தின் தனியார் சட்டத்தைப் பின்பற்றும் உரிமை. மற்றது, தனிமனித சுதந்திரமும், அது பறிக்கப்பட்டால் தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்றில் விசாரிக்கப்படும் உரிமையும். இரண்டாவதை நம் பேச்சாளர்கள் கவனிப்பதே இல்லை. அது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்லவே! அதிகாரி ஒருவரின் கையெழுத்தால் ஒருவனைச் சிறையில் வைக்கலாம் என்றிருந்த காலத்தில், நீதிமன்றம் நடுவில் வர வேண்டும் என்று கேட்டது அது. சபை ஏற்கவில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். 1950இல் நீதிமன்றம், நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவைத்திருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்ப்பது எம் வேலை இல்லை என்ற நிலை எடுத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அப்போது இஸ்மாயில் சாஹிப் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1949 மே மாதம் இன்னும் கசப்பானது. சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற ஆலோசனைக் குழு அறிக்கை வந்தது. இஸ்மாயில் சாஹிப் எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தார். சபையிலிருந்த முஸ்லிம்களே ஒன்றாக இல்லை. பேகம் ஐஸாஸ் ரசூல், தஜம்முல் ஹுசைன் போன்றவர்கள் ஒதுக்கீடு தேவையில்லை என்ற பக்கம் நின்றார்கள். சர்தார் படேல் மிகக் கடுமையாகப் பதில் சொன்னார். பிரிவினையின் பழி முழுவதும் அந்த நேரத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு சில பேரின் தலையில் விழுந்தது போல இருந்தது. அந்தக் கோரிக்கை சரியா என்பதில் அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். தனி வாக்காளர் தொகுதி நம்மை இன்னும் ஒதுக்கியே வைத்திருக்கும் என்பது நம் சொந்த எண்ணம். ஆனால் அந்தச் சபையில் அன்று எழுந்து நிற்க என்ன நெஞ்சுரம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மொழி விவாதம். பழமைதான் அளவுகோல் என்றால் அந்த இடம் தமிழுக்கே உரியது என்று அவர் வாதிட்டதைத்தான் நம் மேடைகள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகும் அவர் வாழ்க்கை சட்டமன்றங்களுக்குள்ளேயே கழிந்தது. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவை. நடுவில் 1951இல் ராயப்பேட்டையில் புதுக்கல்லூரி எழுந்ததில் அவருடைய பங்கு உண்டு. 1967இல் அண்ணாவின் கூட்டணியில் லீக் இருந்தது. இவையெல்லாம் ஏற்கெனவே நூல்களாக வந்தவை. நாம் வேகமாகக் கடந்துவிடுவோம்.

நின்று பேச வேண்டியது வேறு. இஸ்மாயில் சாஹிப் காலத்தில் போராட்டம் சட்டத்தின் வாசகத்தில் இருந்தது. நம் காலத்தில் அது விதிகளுக்குள் போய்விட்டது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டத்தின் எலும்புக்கூட்டைத்தான் தருகிறது. எந்தப் படிவம், எத்தனை நாள், எந்த அதிகாரி, எந்த ஆவணம் என்பதையெல்லாம் அரசுத் துறை பின்னர் விதிகளாக எழுதி அரசிதழில் வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டப்படி நிக்காஹ் நடந்த 90 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிள்ளைகள் தடுமாறுவது சட்டத்தில் அல்ல, படிவத்திலும் சான்றிலும்தான்.

இந்த விதிகளை எழுதும்போது மக்களைக் கேட்க வேண்டுமா? தாய்ச்சட்டம் முன்வெளியீடு வேண்டும் என்று சொல்லியிருந்தால், 1897ஆம் ஆண்டு பொது வாசகச் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி வரைவு விதிகளை வெளியிட வேண்டும், ஒரு தேதி குறிப்பிட வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலித்த பிறகே விதிகளை இறுதி செய்ய வேண்டும். தாய்ச்சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றால் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. விதி எழுதுவது சட்டமியற்றும் வேலையைச் சேர்ந்தது, அதில் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சைனமைடு வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2014இல் மத்திய அரசு, வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைப்பது என்று ஒரு கொள்கை வகுத்தது. கொள்கைதான், சட்டம் அல்ல. மீறினால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆகவே கதவு எப்போதும் திறந்திருக்காது. திறக்கும் சில நாள்களில் அங்கே இருக்க வேண்டும்.

ஆலோசனை கேட்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. குர்ஆனில் ஷூரா என்ற பெயரிலேயே ஒரு சூரா உண்டு. ஹுதைபியாவில் நபித்தோழர்கள் மனம் உடைந்து நின்றபோது, நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்களின் யோசனையைக் கேட்டு அதன்படி நடந்தது ஆதாரப்பூர்வமான ஹதீஸில் உள்ளது. மஹருக்கு உச்சவரம்பு வைக்க உமர் (ரழி) அவர்கள் நினைத்தபோது ஒரு பெண் எழுந்து ஆட்சேபித்தார், கலீஃபா தம் கருத்தை விட்டுவிட்டார் என்ற செய்தியைப் பயான்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். எப்படியிருந்தாலும் அந்தச் செய்தியைச் சொல்லும்போது நாம் கலீஃபாவின் பெருந்தன்மையைத்தான் புகழ்கிறோம். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது, எந்த வசனத்தை எடுத்துவைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது என்பதைச் சொல்வதில்லை.

வக்ஃபு விவகாரத்தைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் திருத்த மசோதா வந்தது. கூட்டு நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்டது. செப்டம்பர் இறுதியில் சென்னைக்கும் வந்து அமைப்புகளைச் சந்தித்தது. லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் போயின. 2025 ஏப்ரல் 5 அன்று, காயிதே மில்லத் மறைந்த அதே தேதியில், மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. நாம் தெருவில் இறங்கினோம், நீதிமன்றம் போனோம். இறங்கியது சரி, போனதும் சரி. ஆனால் அதே ஆண்டு ஜூலை 3 அன்று அந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் அரசிதழில் வந்தன. நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் அதை அச்செடுத்துப் படித்தோம்?

நாமும் உடனே படிக்கவில்லை. தென்சென்னையில் ஒரு சிறிய பள்ளியின் முத்தவல்லி, பட்டா நகல், பழைய வாரியக் கடிதம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு வந்து, உமீத் தளத்தில் ஏற்றச் சொல்கிறார்களே, எதை ஏற்றுவது என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தோம். லுஹரில் தொடங்கி அஸர் வரை ஆயிற்று. அவருக்கு வேண்டிய விவரங்கள் சட்டத்தில் இல்லை, விதிகளிலும் படிவங்களிலும் இருந்தன. அது வரைவாக இருந்த நாள்களில் அவரைப் போன்ற நூறு முத்தவல்லிகள், எங்கள் பள்ளிக்கு இந்த ஆவணம் கிடையாது, காரணம் இது, இப்படி மாற்றினால் எங்களால் செய்ய முடியும் என்று எழுத ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒரே கடிதத்தின் லட்சம் பிரதிகளை அதிகாரி ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார். நூறு பள்ளிகளின் நூறு விதமான சிக்கல்களை அப்படி ஒதுக்குவது கடினம். இஸ்மாயில் சாஹிப் யூகோஸ்லாவிய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்ததும், நீக்கு என்று சொல்லாமல் சேர்க்க வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் இந்த வகை வேலைதான்.

மயிலாப்பூர் அல்லாடி 1953இல் மறைந்தார். அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் லஸ் வீட்டில் நடத்திய இயற்பியல் வகுப்புகளிலிருந்துதான் 1962இல் கணித அறிவியல் நிறுவனம் உருவானது. அது இப்போது அடையாறை அடுத்த தரமணியில் இருக்கிறது. இஸ்மாயில் சாஹிபின் பெயரில் 1974இல் அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரி வந்தது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் அங்கே படித்தவர்கள். அதே 1972 டிசம்பரில் மும்பையில் முஸ்லிம் தனியார் சட்ட மாநாடு கூடி, அடுத்த ஆண்டு வாரியம் அமைந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று சென்னையில் வஃபாத்தாகி, வாலாஜா பள்ளி வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

வரைவில் 35 என்றிருந்த பிரிவு இன்று 44 என்ற எண்ணோடு, 1948 நவம்பர் 23 அன்று சபை ஏற்ற பொருளோடு அப்படியே நிற்கிறது. அவர் கேட்ட வாசகம் அதில் இல்லை. அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் ஏழாம் தொகுதியில், அந்தத் தேதியின் கீழ், முதல் திருத்தமாக அவர் பெயரோடு இருக்கிறது. இப்போது அதை இணையத்திலேயே படிக்கலாம். பள்ளி வாசலில் கேள்வி கேட்ட பெரியவருக்கு அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியை மறந்து வந்திருந்தார். பேரன் படித்துக் காட்டுவான் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.